பிரிக்காத பொட்டலம்

புரட்டாசி 5, வெள்ளிக்கிழமை

…அதனால்தான் தாயே, உன்னையே நேராகக் கேட்டுவிடுகிறேன். கையில் இல்லாத பொருளை விற்பது பாவத்தில் சேருமா, சேராதா? எட்டாவது வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். வாத்தியார் கூட்டல் கழித்தல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. லோகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீயே தீர்ப்புச் சொல்.

லோகு என் அண்ணன் மகன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து ஆறு வருசமாக பவானியில் அவனுடைய மாடி வீட்டில்தான் இருக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதும்போது முறையாக எழுத வேண்டும் அல்லவா. முன்பு மோட்டார் பம்பு கடை வைத்திருந்தான். இப்போது ஷேர் மார்க்கெட். முன்னறையில் மூன்று டிவி மாதிரிப் பெட்டி வைத்து, அதில் சிவப்பும் பச்சையுமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்பான்.

காலையில் பின்புறம் போய்ப் பூப் பறித்தேன். செவ்வரளி கொஞ்சம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு கை. எட்டரைக்கு வழக்கம்போல் சிவஞானம் தம்பி மாடி ஏறி வந்தார். கீழ் வீட்டில் ஒன்பது வருசமாக வாடகைக்கு இருக்கிற பொன்னாழி பைனான்ஸ் கிளைக்கு அவர்தான் மேனேஜர். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை எப்போதும் தொங்கும். செருப்பைக் கீழ்ப்படியில் ஜோடி சேர்த்து விட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஆபீஸ் பிள்ளையாருக்குத் தினமும் என்னிடம்தான் பூ.

"ரெண்டே ரெண்டு போதுமுங்கம்மா."

"ரெண்டுன்னு சொல்லி வெள்ளையப் பூராவும் அள்றீங்க தம்பி."

"பிள்ளையாருக்கு வெள்ளைதானுங்க எடுப்பா இருக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போன கையோடு லோகு பூஜை அறை வாசலில் வந்து நின்றான். அவன் இந்தப் பக்கம் வருவது பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும்தான்.

வடக்கே ஏதோ பெரிய கடன் கம்பெனி, கட்ட வேண்டிய தவணையைக் கட்டாமல் விட்டுவிட்டதாம். அதிலிருந்து வட்டிக்கு விடுகிற கம்பெனிப் பங்கெல்லாம் காலையில் விழுவதும் மத்தியானம் எழுவதுமாக, காய்ச்சல்காரனைப் போல் இருக்கிறதாம். இவன் நான்கு நாளாகத் தப்புத் தப்பாகப் பிடித்து நட்டம்.

"வெலை எறங்கும்னு தெரிஞ்சா மொதல்லயே வித்துப்போடலாமுங்க அத்தெ. எறங்குன பொறவு வாங்கிக் குடுத்துரலாம். நடுவுல நிக்கற காசு நம்முளுது."

"நம்மகிட்ட இல்லாததை எப்படிக் கண்ணு விக்கறது?"

"பக்கத்து வீட்டு ஆட்டைக் கடனாக் கேட்டுப் புடிச்சுட்டுப் போயிச் சந்தையில வித்தர்றீங்கன்னு வெச்சுக்கங்க. அடுத்த வாரம் ஆட்டு வெலை பாதியாப் போச்சு. வேற ஆட்டை வாங்கிக் கொண்டுபோய் அவங்க ஊட்ல கட்டிப்போட்டு வந்தர்றீங்க. அவ்வளவுதான்."

சமையலறையிலிருந்து அவன் பெண்டாட்டி மேகலா சொன்னாள்: "அதுக்கு ஊர்ல இருக்கற ஆட்டுக்கெல்லாம் சீக்கு வரோணும்னு சாமி கும்புடோணும். அதையுஞ் சொல்லுங்க உங்க அத்தைகிட்ட."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அத்தெ, எனக்காக ஒரு தடவை பூக்கேட்டுப் பாருங்க. கீழ இருக்கற பொன்னாழி நிக்குமா, விழுமா?"

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த ஆறு வருசத்தில் அவன் என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்கிற பூவை இதற்குக் கேட்கலாமா என்று யோசித்தேன்தான். ஆனால் பிள்ளை முகம் வாடிக் கிடந்தது. ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்துவிடும் என்று வேறு அவசரப்படுத்தினான். காலண்டர் தாளைக் கிழித்து இரண்டாக்கி, பொட்டலம் இரண்டும் கட்டி, நடுவில் குக்கர் கத்த, ஓடிப் போய் அணைத்துவிட்டு வந்து, சொம்பில் போட்டுக் குலுக்கி உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். வெள்ளை வந்தால் நிற்கும், சிவப்பு வந்தால் விழும் என்று வாய்விட்டுச் சொன்னேன். லோகு ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

சிவப்பு.

அவன் அரளியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய் விற்றுவிட்டான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகும்போது விடலாம் என்று உன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் லோகு ஜாங்கிரி வாங்கி வந்தான். பொன்னாழி பதினொரு ரூபாய் இறங்கியதாம்.

புரட்டாசி 6, சனிக்கிழமை

பெருமாள் கோயிலில் கூட்டம். பூக்காரி துளசி மாலை இருபது ரூபாய் சொல்கிறாள், கேட்க ஆள் இல்லை.

பூக்கேட்ட விசயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லித் திரிகிறவள் இல்லை நான். பிரகார மூலையில் ருக்குமணியிடம் மட்டும் சொன்னேன். அடுத்த தெருக்காரி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரின் சம்சாரம். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

புரட்டாசி 8, திங்கட்கிழமை

பூப் பறித்துக்கொண்டு வரும்போது கீழே ஆபீஸ் வாசலில் ருக்குமணி உட்கார்ந்திருந்தாள். மணி ஆறரைதான். ஆபீஸ் திறப்பது ஒன்பதரைக்கு.

"என்ன ருக்கு, இந்நேரத்துல?"

"எங்கூட்டுக்காரரு ரிட்டயர்டு பணம் இங்கதான் கெடக்குது. நீங்கதானே சொன்னீங்க."

"நான் எடுக்கச் சொல்லலியே."

"ஆத்தா சொல்லிட்டா போதாதுங்களா? நீங்க வேற சொல்லோணுமா?"

அவளோடு அவள் கொழுந்தியா, கொழுந்தியாவின் பக்கத்து வீட்டுக்காரி. நான் போட்டுக் கொடுத்த காப்பியைக்கூட வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

அரிசி ஊறப் போட்டேன். உளுந்து மட்டமாக இருக்கிறது.

புரட்டாசி 9, செவ்வாய்க்கிழமை

பதினெட்டுப் பேர். மாடியிலிருந்து எண்ணினேன். வாசல் பூராவும் செருப்பு.

நம் முன்னறைக்கு நேர் கீழேதான் அந்த ஆபீசில் நோட்டு எண்ணுகிற மிஷின். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் உள்ளங்காலில் அதன் சத்தம் தெரியும், சாக்குக்குள் வண்டு போட்டுக் கட்டிய மாதிரி. முன்பெல்லாம் நாளுக்கு நாலு தரம் கேட்கும். இன்றைக்கு நிற்கவே இல்லை.

வெயில் ஏறியதும் லோகு வந்து, "பாவம் அத்தெ, நிக்கறாங்க. மோர் கரைச்சுக் குடுங்க. ஒரு சேர் போட்டு நீங்களும் கீழ உக்காந்துக்கங்க" என்றான். இப்படி இரக்கப்படுகிற பிள்ளையாக இருக்கிறானே என்று மனம் நிறைந்துவிட்டது.

"பூவைப் பத்திக் கேட்டா என்ன கண்ணு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லீராதீங்க."

கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். ஜம்பையிலிருந்து வந்த ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. பூக்கேட்டம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தாயே, உன்னைக் கும்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேகலா மோர்ப் பானையை இறக்கும்போது, "இந்தக் கம்பெனிக்குப் போடற ஷட்டரை உங்க வாய்க்குப் போட்டிருந்தாத் தேவலை பெரிம்மா" என்றாள். அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

புரட்டாசி 10, புதன்கிழமை

என் முகம் செல்போனில் வந்துவிட்டது. ருக்குமணி காட்டினாள். கூட்டம் தெருமுனை வரைக்கும் நிற்கிறது, நான் டம்ளரில் மோர் ஊற்றுகிறேன், கீழே "பொன்னாழி கதை முடிந்தது" என்று எழுதியிருக்கிறது. திருப்பூர், கரூர், தாராபுரம் எல்லாப் பக்கமும் போய்விட்டதாம். அங்கேயும் அந்தக் கிளைகளில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம். யார் எடுத்தார்களோ தெரியவில்லை. உயரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், நம் கொடியில் காய்ந்த என் பச்சைச் சேலையின் ஓரம்கூட வந்திருக்கிறது.

இன்றைக்கும் இறக்கம். லோகு மறுபடியும் விற்றானாம்.

சிவஞானம் தம்பி வழக்கம்போல் பூ வாங்க வந்தார். ஆனால் இன்றைக்கு "ரெண்டே ரெண்டு" என்று சொல்லவில்லை. கூடையிலிருந்து வெள்ளையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

புரட்டாசி 11, வியாழக்கிழமை

பெட்டி பூராவும் பச்சை. கையில் வேண்டிய பணம் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுக்கிறோம் என்று பொன்னாழி முதலாளி டிவியில் வந்து சொல்லிவிட்டாராம். பங்கு ஒரே நாளில் முப்பத்தெட்டு ரூபாய் ஏறிவிட்டது. ஏறினால் லோகுவுக்கு நட்டம். கடனாகப் பிடித்து வந்து விற்ற ஆட்டை இப்போது இரட்டை விலைக்கு வாங்கிக் கட்ட வேண்டும், அப்படி வைத்துக்கொள்.

சோறு தொடவில்லை. இன்னும் பணம் கட்டச் சொல்லிப் போன் மேல் போன். மேகலா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. நான் பார்த்ததைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு லோகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அத்தெ, இன்னொரு தரம் கேளுங்க."

"கேட்டதையே ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது கண்ணு. ஆத்தாளை நம்பலைன்னு ஆயிரும்."

"எனக்காவ."

"உங்கப்பன் வந்து கேட்டாலும் மாட்டேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆத்தா சிவப்பு என்றால் சிவப்புத்தான், பொறு என்றேன்.

புரட்டாசி 12, வெள்ளிக்கிழமை

இதை நிதானமாக எழுத வேண்டும்.

டிவியில் அவர் சொன்னதை நம்பிக் கூட்டம் கலையும் என்று பார்த்தால், பணம் இருக்கிறது என்று சொன்னதால்தான் இன்னும் அதிகம் வந்துவிட்டார்கள். இருக்கும்போதே வாங்கிவிட வேண்டுமாம். காலை ஏழு மணிக்கே தெருவை அடைத்து நின்றார்கள். இருநூறு பேர் இருக்கும். அத்தனை பேர் நின்றும் சத்தம் இல்லை தாயே. தேர்த் திருவிழாவில் பத்துப் பேர் சேர்ந்தாலே காது கிழியும். இங்கே யாரோ இருமுவது மாடிக்குக் கேட்டது.

எட்டரைக்கு சிவஞானம் தம்பி வந்தார். பூவுக்குக் கை நீட்டவில்லை. வாசல்படியிலேயே நின்றார்.

"மாராத்தாம்மா, ஒரு ஒத்தாசை செய்யோணும்."

"சொல்லுங்க தம்பி."

"கீழ வந்து, அத்தனை சனத்துக்கு முன்னாடி, இன்னொருக்காப் பூக்கேளுங்க. வெள்ளை வந்துச்சுன்னா கலைஞ்சு போயிருவாங்க. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டீங்கறாங்க. முதலாளி சொல்லியுங் கேக்கலை. நீங்க காட்டற பூவைக் கேப்பாங்க."

"மறுபடியுஞ் சிவப்பே வந்துட்டா?"

"வராதுங்க. நல்லா இருக்கற கம்பெனிங்க இது. வாங்குன பணத்தை நகை மேல கடனாக் குடுத்திருக்கறோம். அது வரோணும்ல. நெல்லு வெதைச்சவங்கிட்ட நாளைக்கே மூட்டையக் கொண்டான்னா எங்கீங்க போவான்? என்ற மாமியா பணம், என்ற அக்கா பணம், எல்லாம் இங்கதான் போட்டிருக்குது. தெருத் தெருவாப் போயி, என்ற பொறுப்புன்னு சொல்லி வாங்குனதுங்கம்மா."

எனக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் உன்னை எப்படிச் சோதிப்பேன்? நாளைக்குக் கேட்ட வாக்கெல்லாம் பொய் என்று ஊர் பேசினால் உனக்கல்லவா குறை. முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது, லோகு திரும்பாமல் உட்கார்ந்திருந்தான், அவன் காது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் மறுக்கவில்லை. உனக்காகத்தான் மறுத்தேன்.

"ஆத்தா ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானுங்க தம்பி. வெசனப்படாதீங்க. அவளே வழி காட்டுவா."

"ஒரே ஒரு வெள்ளைப் பூவுங்கம்மா."

"பூதானே, எடுத்துக்கங்க" என்று கூடையை நீட்டினேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கூடையைப் பார்த்தார். ஒன்றும் எடுக்காமல் இறங்கிவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மிஷின் சத்தம் நின்றது. பணம் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பங்கு மடமடவென்று விழுந்தது, விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை என்ற நிலைமைக்குப் போய்விட்டது என்றான் லோகு. எழுந்து வந்து என்னிடம் தட்டை நீட்டிச் சோறு கேட்டான். மூன்று தரம் ரசம் வாங்கினான்.

புரட்டாசி 13, சனிக்கிழமை

பூ வாங்க அவர் வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் உண்டு. வரவில்லை.

புரட்டாசி 15, திங்கட்கிழமை

ஷட்டர் திறக்கவில்லை. ஜனங்கள் வந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். ருக்குமணிக்குப் பாதிப் பணம்தான் கிடைத்தது, மீதி உள்ளே இருக்கிறது. என்னைக் கண்டும் காணாத மாதிரி போகிறாள். நான் என்ன செய்தேன் அவளுக்கு? நல்லதுதானே சொன்னேன்.

பதினொரு மணிக்கு சிவஞானம் தம்பியின் சம்சாரம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் வீட்டுக்கு வரவில்லையாம். போன் எடுக்கவில்லையாம்.

"உங்களைத்தான் பார்த்துட்டு வந்தேன்னு போன்ல சொன்னாருங்கம்மா. என்ன சொன்னாருங்க உங்ககிட்ட?"

"பூ கேட்டாருங்க அம்முணி" என்றேன். பொய் இல்லையே.

அது படியிறங்கும்போதுதான் நான் பார்த்தேன். கீழ்ப்படியில் அவர் செருப்பு. ஜோடி சேர்த்து, ஆபீஸ் பக்கம் பார்த்தபடி. அந்தப் பெண் அதைத் தாண்டித்தான் போனது. நான் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

புரட்டாசி 17, புதன்கிழமை

நேற்றுக் காந்தி ஜெயந்தி, மார்க்கெட் லீவு. இன்றைக்கு லோகு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டான். எவ்வளவு நின்றது என்று சொல்லவில்லை, சிரித்தான். மேகலாவின் சங்கிலி வந்துவிட்டது. எனக்கு இரண்டு பவுனில் வளையல். "ஆத்தா குடுத்ததுங்க அத்தெ" என்று அவனே போட்டுவிட்டான். மேகலா சங்கிலியைப் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கூடுதுறைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் சிவஞானம் தம்பியின் வண்டி நிற்கிறதாம். போலீஸ் பரிசல் விட்டுத் தேடுகிறார்கள். தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தை விடப் போகவில்லை நான். இனி அந்தப் பக்கம் எப்படிப் போவது?

இன்னொன்று. மூன்று நாளாக நந்தியாவட்டையில் ஒரு பூ இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் மொட்டு நிறைய இருக்கிறது. காலையில் போனால் காம்பு மட்டும், ஈரமாக, அப்போதுதான் கிள்ளிய மாதிரி. அரளியை யாரும் தொடவில்லை. மேகலாவைக் கேட்டேன். "நான் எதுக்குப் பெரிம்மா பறிக்கறேன்" என்றாள்.

புரட்டாசி 18, வியாழக்கிழமை

ஒன்பதரைக்குத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளங்காலில் அந்தச் சத்தம். எண்ணுகிறது, நிற்கிறது, எண்ணுகிறது. லோகுவைக் கூப்பிட்டேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்க அத்தெ. பக்கத்துல போர் போடறாங்களாட்ட இருக்குது."

சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் இறக்கவில்லை.

புரட்டாசி 19, வெள்ளிக்கிழமை

எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் வரைக்கும் யோசித்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

காலையில் இன்றைக்கும் வெள்ளைப்பூ இல்லை. திரும்பி வரும்போது கீழ் ஆபீஸ் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். அதன் மேல் பாதி கம்பி வலை. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். மேஜை, நாற்காலி, பணம் தீர்ந்துவிட்டது என்று எழுதியதில் மிச்சமான இன்னொரு தாள். பெட்டக அறைக் கதவுக்கு மேலே பிள்ளையார் படம். படம் பூராவும் நந்தியாவட்டை. வாடாத பூ. வாசம் இல்லாத பூதான் அது, ஆனாலும் அதன் ஈரம் எனக்குத் தெரிந்தது.

படியேற வந்தேன். செருப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் பார்த்திருந்தது. இன்றைக்கு மாடிப்படியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. யாரோ நடக்கிறவர்கள் காலில் பட்டிருக்கும். ஜோடி மட்டும் பிரியவில்லை.

பெரிய அகல் ஏற்றினேன். எண்ணெய் நிறைய ஊற்றியும் அரை மணியில் அணைந்துவிட்டது.

புரட்டாசி 22, திங்கட்கிழமை

அதிகாரிகள் வந்து பூட்டை உடைத்தார்கள். வீட்டுக்காரன் என்பதால் லோகுவைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் இறங்கிப் போய் வாசலில் நின்றேன். ருக்குமணியும் பத்துப் பதினைந்து பேரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். யாரும் என்னைப் பூக்கேட்டம்மா என்று கூப்பிடவில்லை.

உள்ளே போன அதிகாரி முதலில் கேட்டது, "வேற யார்கிட்ட சாவி இருக்கு?" என்பதுதான். மேனேஜரிடம் மட்டும் என்றார்கள். அதிகாரி பிள்ளையார் படத்திலிருந்து ஒரு பூவை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் வரைக்கும் கணக்குப் பார்த்தார்கள். வயசான ஒரு அதிகாரி வெளியே வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "நகை எல்லாம் உள்ள இருக்குது. கணக்கு சுத்தமா இருக்குது. ஒரு பைசா எங்கயும் போகலை. ஆறு மாசத்துல எல்லாருக்கும் வந்துரும். இத்தனை பேரும் ஒரே வாரத்துல வந்து நிக்காம இருந்திருந்தா இந்தக் கம்பெனிக்கு ஒண்ணுமே ஆயிருக்காது."

ருக்குமணி என்னைப் பார்த்தாள். சிவஞானம் தம்பியின் சம்சாரமும் வந்திருந்தது, அதுவும் பார்த்தது. கையில் அவர் செருப்பு. எடுத்து மார்போடு வைத்திருந்தது. இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

மேலே வந்தால் லோகு காத்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டுச் சீட்டை உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறான். அதில் இன்னொரு கம்பெனி பேர்.

"நாளைக்குக் காலையில ஒரே ஒருக்காங்க அத்தெ. இது வேற கேள்விதானே. ரெண்டாந்தரம் கேக்கறது ஆகாதுல்ல."

"அந்த ஆபீசரு சொன்னதைக் கேட்டியா கண்ணு?"

"அவங்க அப்புடித்தான் சொல்லுவாங்க. ஆத்தா சொன்னது நடந்துச்சா, இல்லீங்களா?"

நடந்ததுதான். அதை நான் எப்படி இல்லை என்பேன். ஆத்தா பொய் சொல்ல மாட்டாள். கணக்கு சுத்தமாக இருந்தால் என்ன, பணம் இருந்தால் என்ன, விழும் என்றாய், விழுந்தது. அவர்களுக்கு எழுதியிருந்தது அப்படி. மேகலா மட்டும் சாப்பிடும்போது, "நாளைக்கு யாரு வாசல்ல செருப்புக் கெடக்கப் போவுதோ" என்றாள். லோகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

சரி, கேட்பதா வேண்டாமா என்று நாளைக்குப் பார்க்கலாம், அதற்கு முன்னால் பழைய பொட்டலத்தை அப்புறப்படுத்துவோம் என்று இப்போது உன் படத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தேன். பதினேழு நாளாகியும் ஆற்றில் விடாததற்கு மன்னித்துக்கொள். மடித்தது மடித்தபடி இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் சருகு உரசுகிறது. பாவம், வெள்ளைப்பூ, எடுக்காமலே காய்ந்துவிட்டதே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் தாயே, எனக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் காலையில் சிவஞானம் தம்பி வெள்ளையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார், கூடையில் அரளி மட்டும்தான் கிடந்தது. குக்கர் வேறு கத்துகிறது, இப்போதைக்கு இதிலும் ஒரு அரளியை வைத்துக் கட்டுவோம், அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போய் அவரிடமே ஒரு வெள்ளையை வாங்கி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டினேன். அடுப்பை அணைத்தேன். கீழே நான் போகவே இல்லை.